ஓடாத மீட்டர்: பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடி வாங்குவது எப்படி

11 வருஷம் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவள் நான். வீடு வீடாகப் போய், தொட்டி மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வரும் வேலை. போன தடவை குறித்த எண்ணே இந்தத் தடவையும் நின்றால் ஒன்று மீட்டர் கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லை. எது என்று கண்டுபிடிக்க உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மீட்டர் கண்ணாடி மேல் படிந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்துப் பார்த்தாலே போதும். ஆள் புழங்குகிற வீட்டு மீட்டரில் மண் அப்படி ஏடு ஏடாகப் படியாது.

அலுவலகப் பதிவேட்டை வைத்து வீடு தேடினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது தப்பு. வேலையை விட்டு மூன்று வருஷம் கழித்துத்தான் முதல் வீட்டை வாங்கினேன். ஆனால் கண் பழகிப்போயிருந்தது. இதுவரை பூட்டிக் கிடந்த நான்கு வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்து முடித்திருக்கிறேன். இன்னொன்றுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அந்தக் கதையும் கீழே வரும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கேட்பாரற்ற வீடு எங்கே கிடைக்கும்?" என்பதுதான். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு வீடே கிடையாது. வாரிசு ஒருவர்கூட இல்லாமல் ஒருவர் கண்ணை மூடினாலும் சொத்து அந்தரத்தில் நிற்பதில்லை. இந்தியாவில் அரசியலமைப்பின் 296ஆவது பிரிவு அதை அரசிடம் கொண்டு சேர்க்கிறது. இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட சொத்து மன்னர் பெயரில் அரசுக்குத்தான் போகிறது. வீடு கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கையெழுத்துப் போட உரிமையுள்ளவர்கள்தான் தெரிவதில்லை. இந்தத் தொழிலில் செங்கல், சிமெண்டுக்குச் செலவாகும் நாளைவிட அவர்களைத் தேடிப்பிடிக்கச் செலவாகும் நாள் அதிகம்.

ஏன் பூட்டினார்கள்?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். வரி பாக்கி ஏறி, வீட்டு மதிப்பில் பாதியைத் தின்றிருக்கும். வங்கி கையில் எடுத்திருக்கும். கட்ட ஆரம்பித்தவர் பாதியில் நொடித்திருப்பார். சுற்றிச் சுற்றி வந்தாலும் காரணங்கள் இவ்வளவுதான். எது என்று தெரியாமல் விலை பேசாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தலைவலி தீர்ந்தால் போதும். சண்டை போடும் அண்ணன் தம்பிக்கு, அடுத்தவனுக்குக் காசு போகக் கூடாது. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பேச முடியாது.

சில நேரம் காரணம் வரிச் சட்டத்திலேயே இருக்கும். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் வீடுகள் காலி, மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். அங்கே மக்கள்தொகை குறைவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றும் உண்டு. வீடு நிற்கிற சிறு மனைக்கு, வரி கணக்கிடும் மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வார்கள். இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு யார் இடிப்பார்கள்? அப்படியே விட்டுவிட்டார்கள். 2015இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தான நிலையில் விடப்பட்ட வீடுகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்த வழி பிறந்தது. 2024 ஏப்ரல் முதல், வாரிசாக வந்த சொத்தை 3 வருஷத்துக்குள் தங்கள் பெயருக்குப் பதிந்தாக வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். நமக்கு இதில் பாடம் இருக்கிறது. சும்மா வைத்திருப்பதற்குச் செலவில்லாதவரை உரிமையாளர் கடிதத்துக்குப் பதில் போட மாட்டார். காலி வீட்டுக்கு வரியோ அபராதமோ ஏறப்போகிறது என்ற செய்தி வந்தால், அந்தச் சமயம் பார்த்து எழுதுங்கள்.

அதே ஜப்பானில் உள்ளூர் நிர்வாகங்களே காலி வீடுகளைப் பட்டியலிட்டு, 'அகியா பேங்க்' என்று நடத்துகின்றன. அமெரிக்க நகரங்கள் சிலவற்றில், கைவிடப்பட்ட வீடு, மனைகளை எடுத்து விற்கும் 'லேண்ட் பேங்க்' என்ற பொது அமைப்பு இருக்கிறது. உங்கள் பகுதியிலும் அப்படி ஏதாவது உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். இருந்தால் ஆளைத் தேடும் வேலை மிச்சம். ஆனால் அரசாங்கம் மலிவாகக் கொடுத்தால் கூடவே நிபந்தனைக் கயிறும் வரும். இத்தாலியில் சிசிலித் தீவின் சம்பூக்கா என்ற சிற்றூர் 2019இல் 1 யூரோவுக்கு வீடு என்று அறிவித்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 3 வருஷத்துக்குள் பழுதுபார்த்துவிட வேண்டும், அதற்குப் பிணையாக 5,000 யூரோ கட்டி வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழுதுபார்க்கும் செலவு தனி. 1 யூரோ என்பது ஏலத்தின் ஆரம்ப விலைதான்.

மலிவு மட்டுமே பார்த்து இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு டெட்ராய்ட்டைச் சொல்வேன். 1950இல் அங்கே 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2010இல் சுமார் 7.14 லட்சம். தொழிற்சாலைகளும் ஆட்களும் போன பிறகு வீடுகள் மட்டும் நின்றன. அப்படிப்பட்ட தெருவில் வீடு மலிவாகக் கிடைக்கும், குடிவர ஆள் கிடைக்காது. நான் பார்க்கும் கணக்கு எளிது: தெருவில் ஒன்றிரண்டு வீடு பூட்டியிருந்தால் அது அந்தக் குடும்பத்தின் பிரச்சினை. பத்துக்கு நான்கு பூட்டியிருந்தால் அது தெருவின் பிரச்சினை. இரண்டாவதை என்னால் சரிபண்ண முடியாது, வந்த வழியே திரும்பிவிடுவேன்.

நடந்து பாருங்கள்

வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து நடங்கள். முதல் வீடு தூரத்தில் வேண்டாம். கொத்தனார் வந்தாரா என்று பார்க்கவே வாரத்தில் நான்கு தடவை போக வேண்டியிருக்கும்.

பூட்டைப் பாருங்கள். துரு எல்லாப் பூட்டிலும்தான் இருக்கும். சாவித் துவாரத்தின் விளிம்பைப் பாருங்கள். அங்கே மட்டும் பளபளவென்று கீறல் இருந்தால் சமீபத்தில் யாரோ சாவி போட்டிருக்கிறார்கள். வாசல் தரையைப் பாருங்கள். கதவு திறந்து மூடினால் புழுதியில் அரைவட்டமாக ஒரு கோடு விழும். அந்தக் கோடு புதிதா, பழையதா? நிலைக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே சிலந்தி வலை அறுபடாமல் இருக்கிறதா? வாசலில் கிடக்கும் தபாலைத் தொடாதீர்கள், பிரிக்கவே பிரிக்காதீர்கள். மேலாகத் தெரியும் தேதி போதும். கதவில் ஒட்டிய நோட்டீஸ் இருந்தால் அதை வரி விடாமல் படியுங்கள். வங்கியா, நீதிமன்றமா, உள்ளாட்சியா, யார் ஒட்டியது என்பதிலேயே பாதிக் கதை இருக்கும்.

ஒரே வீட்டை மூன்று வேளை பாருங்கள்: காலை, சாயங்காலம், இரவு. ஒரு வீட்டை ஆளில்லாதது என்று நானே முடிவுகட்டி, நோட்டில் நட்சத்திரம் போட்டு, ஓட்டை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து ஒரு குரல். "யாரும்மா அது? ஓடு எண்ணுறியே, மாத்தித் தரப் போறியா?" முன்பக்கம் முழுக்க இடிந்துவிட்டதால் பெரியவர் பின்வாசல் வழியாகப் புழங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பின்வாசலைப் பார்க்காமல் நட்சத்திரம் போடுவதில்லை.

உள்ளே மட்டும் நுழையாதீர்கள். சுவர் இடிந்து கிடந்தாலும், கதவே இல்லையென்றாலும் அது இன்னொருவர் வீடு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அழுகிய மரத்தளம் உங்களைத் தாங்காது.

பிறகு விசாரணை. தபால்காரர், பேப்பர் போடுகிறவர், எதிர்வீட்டில் வெகு நாளாக இருப்பவர், இந்த மூன்று பேரும் பதிவேட்டைவிட அதிகம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் கொஞ்சம் வடிகட்டிக் கேளுங்கள். "அந்த வீட்டுல கேஸ் இருக்கு, தொடாதீங்க" என்று என்னிடம் சொன்ன ஒருவர், அதே வீட்டை இரண்டு வருஷமாக அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. கேஸ் எதுவும் இல்லை.

காகிதமும் கடிதமும்

கதவு எண் கையில் இருந்தால் சொத்து வரிப் பதிவேட்டில் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். வரி ரசீது தாத்தா பெயரிலேயே நாற்பது வருஷம் வந்துகொண்டிருக்கும், தாத்தா இருக்க மாட்டார். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். குறைந்தது 30 வருஷத்துக்குப் போடுங்கள். காசு கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை. அடமானம், பாகப்பிரிவினை, ஏற்கெனவே எழுதிய விற்பனை ஒப்பந்தம் எல்லாம் அதில் தலைகாட்டும். பதியாமல் விட்ட கடனும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் தலைகாட்டாமல் போகலாம். அதனால் சொத்து வழக்கு பார்க்கிற வக்கீல் ஒருவரை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதங்களின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் யாருக்குப் பாத்தியதை இருக்கிறது என்ற கேள்வி மாறாது.

உரிமையாளரின் முகவரி கிடைத்ததும் போன் செய்யத் துடிக்காதீர்கள். கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். நான் எழுதுவது இவ்வளவுதான்: "உங்கள் பெயரில் உள்ள இன்ன எண் வீட்டைத் தெருவிலிருந்து பார்த்தேன். கிழக்குப் பக்கத்து ஓடு சரிந்து மழை உள்ளே இறங்குகிறது. விற்கும் எண்ணம் இருந்தால் வாங்க விரும்புகிறேன். இல்லையென்றாலும் ஓட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் தரகர் இல்லை." விலை எழுதுவதில்லை. ஓட்டைப் பற்றிய அந்த வரிதான் கடிதத்தைக் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றுகிறது என்பது என் அனுபவம். முதல் வருஷம் 40 கடிதம் போட்டேன். பதில் வந்தது 3. ஒன்று திட்டி எழுதியது. ஆறு மாதம் கழித்து அதே ஆளுக்கு மறுபடி ஒரு கடிதம் போட்டேன், அந்த வீடுதான் என் முதல் வீடு.

கையெழுத்து

இப்போது ஏமாந்த கதை. மூத்த மகன் வந்தார். நல்ல மனிதர் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். தாய்ப்பத்திரத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். "நான்தான் மூத்தவன். தங்கச்சிங்க ரெண்டு பேரும் நான் சொல்றதைத் தாண்ட மாட்டாங்க" என்றார். அசல் பத்திரத்தைக் கையில் தொட்டுப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் ஒருவர் கையெழுத்தோடு ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து இளைய தங்கை போன் செய்தார். "அக்கா, அண்ணன் வித்தா அண்ணன் பங்கைத்தான் விக்க முடியும். என் பங்கை யார்கிட்ட கேட்டு விலை பேசினீங்க?" பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அண்ணன் அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிட்டிருந்தார். திரும்பி வரவில்லை.

அதன் பிறகு முதலில் செய்வது ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் போடுவது. பத்திரத்தில் உள்ளவர் பெயர் மேலே. அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள். இறந்துபோன பிள்ளை இருந்தால் அவருடைய பிள்ளைகள். ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் எங்கே இருக்கிறார், விற்கச் சம்மதமா என்று எழுதுவேன். வாரிசுச் சான்றில் உள்ள பெயர்களோடு அதை ஒத்துப் பார்ப்பேன். உயில் இருக்கிறதா என்று தனியாகக் கேட்பேன். எல்லாக் கட்டமும் நிரம்பாமல் ஒரு காசு கைமாறாது. பெண்பிள்ளைகளின் பெயரை 'அவங்களுக்குக் கல்யாணத்துலயே செஞ்சாச்சு' என்று விட்டுவிடப் பார்ப்பார்கள். செய்தது வேறு, பங்கு வேறு. அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பதினெட்டு வயது ஆகாத வாரிசு இருந்தால் நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்று வக்கீலிடம் கேட்காமல் நகராதீர்கள்.

பவர் பத்திரம் வைத்துக்கொண்டு விற்க வருகிறவர்களிடம் இரட்டிப்புக் கவனம். பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்த அன்றே அந்தப் பவரும் இறந்துவிடும். கொடுத்தவரோடு வீடியோவில் நேருக்கு நேர் பேசாமல் நான் அட்வான்ஸ் கொடுப்பதில்லை.

'ஒரு பங்கை மட்டும் மலிவாக வாங்கிப் போடுங்கள், மற்றவர்கள் தானாக வழிக்கு வருவார்கள்' என்று சொல்லிக்கொடுக்கிற ஆட்கள் உண்டு. புதிதாக வருகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். முகம் தெரியாத நான்கு பேரோடு ஒரே வீட்டைப் பங்கு வைத்துக்கொள்வது அது. 'பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் நமக்கே சொந்தம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. இந்தியாவில் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12 வருஷம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பது உண்மை. இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு பதிவான சொத்தில் அது மிகவும் கடினம், உரிமையாளருக்கு முதலில் அறிவிப்புப் போய்விடும். எனக்கு அந்தச் சட்டம் வேறு விதத்தில்தான் பயன்படுகிறது. வாங்கும் முன், பூட்டிய வீட்டின் காம்பவுண்டுக்குள் வேறு யாராவது கொட்டகை போட்டு, வருஷக்கணக்கில் அனுபவித்து வருகிறார்களா என்று பார்ப்பேன்.

எனக்கு மிகவும் இழுத்தடித்தது இரண்டாவது வீடு. வாரிசுகள் ஐந்து பேர். நான்கு பேர் ஒரே வாரத்தில் சம்மதித்தார்கள். கடைசித் தம்பி எங்கே என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை. 14 மாதம் ஆயிற்று. அவரோடு பள்ளியில் படித்த ஒருவர் மூலம் ஆளைப் பிடித்தேன். அப்பா இறந்த செய்தியையே அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பத்திரத்துல என் பேரு முதல்ல வரணும்" என்றார். வக்கீலிடம் கேட்டேன். எந்த வரிசையில் எழுதினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான் என்றார். முதல் பெயராக எழுதினோம். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன்கள் யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டைப் பார்ப்பது

உரிமையாளர் சாவியோடு வந்து திறந்துவிடுகிற நாளில் டார்ச், திருப்புளி, பென்சில், நீண்ட கம்பு, முகக்கவசம், தடித்த பூட்ஸ் எல்லாம் வேண்டும். கம்பால் முன்னால் தட்டிக்கொண்டே போங்கள். பாம்புக்கு நாம் வருவது தெரிய வேண்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். காய்ந்த நாளில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

பூட்டிய வீட்டைக் கொல்வது தண்ணீர். முதலில் கூரைக்கு அடியில் நின்று மேலே பாருங்கள். கான்கிரீட் தளத்தில் பூச்சு உரிந்து கம்பி தெரிகிறதா? இரும்பு துருப்பிடித்தால் பருமன் பல மடங்கு கூடி, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அங்கங்கே ஒரு திட்டு என்றால் சரிபண்ணலாம். கம்பி வரிவரியாகத் தெரிந்தால் தளமே புதிதாகப் போட வேண்டிவரும். மரவிட்டம் என்றால் சுவருக்குள் நுழைகிற முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நடுவில் கல் மாதிரி இருக்கும் விட்டம் முனையில் கேக் மாதிரி உள்வாங்கும்.

சுவரில் கரையான் மண்கோடு ஓடினால் ஒரு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு வாருங்கள். சில நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் மறுபடி மூடியிருந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது. பூச்சைக் கைமுட்டியால் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் விழப்போகிற இடம்.

விரிசலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அலட்சியமாகவும் இருக்காதீர்கள். மயிரிழை மாதிரி பூச்சில் ஓடுவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்பு வழியாகச் சாய்வாக ஏறுகிற விரிசல்தான் அஸ்திவாரம் இறங்குவதைச் சொல்லும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுவேன். ஒரு மாதம் கழித்து அது கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டட இன்ஜினீயர் வந்து பார்க்காமல் பேச்சுவார்த்தை இல்லை.

வயரிங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எலி கடித்திருக்கும், முழுக்க மாற்றுவதாகவே கணக்கு எழுதுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம். அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் 1978இல்தான் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. பிரிட்டன் 1999இல் அதை முழுதாகத் தடை செய்துவிட்டது. செப்டிக் டேங்கையும் பாழ்கிணற்றையும் எட்டிப் பார்க்க இறங்கவே கூடாது, ஆளையும் இறக்கக் கூடாது. அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

கணக்கு

எல்லாம் முடிந்த பிறகு அந்த வீடு என்ன விலை போகும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கிறவர்களிடம் 70 சதவீதக் கணக்கு என்று ஒன்று புழங்குகிறது. முடிந்த வீட்டின் விலை 100 என்றால் அதில் 70ஐ எடு, பழுதுபார்க்கும் செலவைக் கழி, மிச்சம்தான் நீ தரக்கூடிய அதிகபட்ச விலை. பழுதுச் செலவு 30 என்றால் 40க்கு மேல் போகக் கூடாது. 100இல் 70 போக முதலிலேயே ஒதுக்கிய 30இல்தான் (பழுதுச் செலவு 30 வேறு) பதிவுச் செலவு, வட்டி, வரி, விற்கும் செலவு, லாபம் எல்லாம் அடங்க வேண்டும். நான் இன்னொன்றும் செய்வேன். கொத்தனார் சொல்லும் தொகையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி எழுதிக்கொள்வேன். நான்கு வீட்டில் ஒன்றில்கூட அந்தக் கூட்டல் மிஞ்சியதில்லை.

குடியிருக்க முடியாத வீட்டுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. கைப்பணம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பழைய வரி, தண்ணீர், மின்சார பாக்கி எல்லாம் எவ்வளவு, யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் கொண்டுவாருங்கள். காப்பீட்டுப் பாலிசியில் காலியாக இருக்கும் வீடு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். 30 அல்லது 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் பாதுகாப்பைக் குறைத்துவிடும் பாலிசிகள் நிறைய.

ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் முதல் வீட்டை ஏலத்தில் எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. வங்கி ஏலத்தில் வீடு 'உள்ளது உள்ளபடி'தான் வரும். இந்தியாவில், கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி விடும் ஏலம் என்றால், படிந்த தொகையில் 25 சதவீதத்தை அன்றே, மிஞ்சிப்போனால் அடுத்த வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். வங்கியிடம் இருப்பது வீட்டின் சாவியா, வெறும் காகித அளவிலான சுவாதீனமா என்று கேளுங்கள். காகிதம்தான் என்றால் உள்ளே இருப்பவரை வெளியேற்றும் பாடு உங்கள் தலையில் விழலாம். வரி பாக்கி ஏலம் இன்னொரு ரகம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் நீங்கள் வாங்குவது வீடே அல்ல, அந்தப் பாக்கியின் மீதான உரிமை. உரிமையாளர் குறித்த காலத்துக்குள் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மின்னசோட்டாவில் ஜெரால்டின் டைலர் என்ற 94 வயது அம்மாளின் வீட்டை, அபராதத்தோடு சேர்த்து சுமார் 15,000 டாலர் வரி பாக்கிக்காக ஹென்னபின் கவுண்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) 40,000 டாலருக்கு விற்று, மிச்சத்தையும் தானே வைத்துக்கொண்டது. அது செல்லாது என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. மலிவாக வருகிற வீட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு அம்மாள் இருக்கிறாரா என்று நான் பார்ப்பதுண்டு. இருந்தால் விலகிவிடுவேன். வியாபாரமாகவும் அது நல்லதில்லை, மீட்பும் வழக்கும் முடியும்வரை சுவரில் ஆணிகூட அடிக்க முடியாது.

சாவி கைக்கு வந்த பிறகு

அன்றே பூட்டை மாற்றுங்கள். பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. வாசலில் ஒரு விளக்கு எரியட்டும். உள்ளே இருக்கும் பொருள்களை எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும், அட்டாலியை ஒருமுறை துழாவிவிட்டுத்தான் குப்பை அள்ளச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை பள்ளிச் சான்றிதழ்கள் கட்டாகக் கிடைத்தன. வரி, மின்சாரம், தண்ணீர் மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு கொத்தனார் வரலாம்.

மூன்றாவது வீட்டில் இணைப்பு கொடுத்த அன்று பழக்கதோஷத்தில் மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எல்லாக் குழாயும் மூடியிருந்தது. உள்ளே பானை பிடிக்கக்கூட ஆள் இல்லை. ஆனாலும் முகப்பிலுள்ள சின்ன நட்சத்திரச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. குழாய் எங்கோ உடைந்திருக்கிறது என்று இரண்டு அடி தோண்டினோம். உடைசல் இல்லை. 'T' வடிவக் குழாய் இணைப்பு ஒன்று நேர்த்தியாகப் பிரிந்து பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது.

"தம்பி, இது எத்தனை வருஷமா?"

"அக்கா, நான் குடி வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். ராத்திரியில் ஓடு பிரிக்க வந்த திருடர்களை இரண்டு தடவை விரட்டியதும் இதே தம்பிதான் என்று எதிர்வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தனி இணைப்புக்கு மனு போட 15 நாள் தவணை கொடுத்தேன். அதுவரை என் சிமெண்ட் மூட்டைகள் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தன.